அலர் எழாத கிரகணம்



திருக்குறளின் காமத்துப்பாலில் ‘அலரறிவுறுத்தல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. அதில் வரும் தலைவி ஒருத்தி தன் மனக்குறையைச் சொல்கிறாள். அவள் தன் காதலனைச் சந்தித்தது ஒரேயொரு நாள். ஊர்ப் பேச்சோ, சந்திரனைப் பாம்பு பிடித்த செய்தியைப் போல எங்கும் பரவிவிட்டதாம். உவமையாக எடுத்தாளப்படும் பொருள் கேட்போருக்கு நன்கு அறிமுகமானதாக இருக்க வேண்டும். வள்ளுவர் காலத்துத் தமிழ் மக்களுக்குக் கிரகணம் அத்தகைய அறிமுகப் பொருள். அது ஊரறிந்த நிகழ்ச்சி. ஒருவர் வாசலில் நின்று சத்தமிட்டால் போதும், தெருவே வெளியில் வந்து அண்ணாந்து பார்க்கும்.

ஆனால் நேயர்களே, அலரே எழாத கிரகணங்களும் உண்டு. சந்திரன் மங்கும்; ஊர் உறங்கும். பாம்பு வந்து போனதை ஒருவரும் அறியார். அத்தகைய கிரகணம் ஒன்றைப் பற்றியும், அதை நாம் எப்படி அறிய முடிகிறது என்பதைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் அலர் எழுந்த கிரகணம் ஒன்றைப் பார்ப்போம். கி.மு. 331ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆம் திகதி இரவு, மகா அலெக்சாந்தரின் படை தைகிரிஸ் நதியைக் கடந்து பாளையமிட்டிருந்தது. அது இலையுதிர் காலம் பிறக்கும் வேளை. பூரணச் சந்திரன் முழுமையாக மறைந்து போயிற்று. அலெக்சாந்தர் சந்திரனுக்கும் சூரியனுக்கும் பூமிக்கும் பலி கொடுத்தான் என்று வரலாற்றாசிரியர் அரியன் எழுதியிருக்கிறார். கிரகணத்தோடு தொடர்புடையவை இம்மூன்றுமே என்பது அன்றைய கிரேக்கருக்குத் தெரிந்திருந்தது. நிமித்திகன் அரிஸ்தாந்தர் அதை நல்ல சகுனமென்று சொன்னான். பதினொரு நாள் கழித்து, ஒக்டோபர் 1ஆம் திகதி, கௌகமேலாப் போர்க்களத்தில் பாரசீகப் பேரரசன் தாரியஸ் தோற்றோடினான்.

அதே கிரகணத்தைப் பபிலோன் நகரத்தில் இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அரசருமல்லர், தளபதியுமல்லர். ஈரக் களிமண் பலகையில் ஆப்பெழுத்துகளால் அன்றன்றைய வானத்தைக் குறித்து வைப்பது அவருடைய தொழில். கிரகணத்தையும் பின்னர் நடந்த போரையும் குறிப்பிடும் அந்தப் பலகை இன்று பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. எழுதியவரின் பெயரை நாம் அறியோம்.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. அதே கிரகணம் அர்பேலாவில் இரவின் ஐந்தாம் மணியிலும், கார்த்தேஜில் இரண்டாம் மணியிலும் காணப்பட்டதாகப் புவியியலறிஞர் தொலமி எழுதினார். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு ஊர்களில் இரண்டு நேரங்கள் இருந்தால், அந்த வித்தியாசமே இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தீர்க்கரேகை வித்தியாசம். எத்தனை அழகான சிந்தனை! ஆனால் மூன்று மணி நேரம் என்ற கணக்கு மிகை. உண்மை வித்தியாசம் இரண்டேகால் மணி நேரம் மட்டுமே. வழி சரி, நேரம் குறித்த கை பிழைத்தது. பரபரப்போடு பார்க்கப்படும் கிரகணம் சரியாகக் குறிக்கப்படும் என்று சொல்ல முடியாது என்பதற்கு இது நல்ல சாட்சி.

இனி, மெல்லிய கிரகணத்துக்கு வருவோம்.

சூரியன் ஒரு புள்ளி அன்று, அகன்ற ஒளித்தட்டு. ஆகையால் பூமியின் நிழலுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. நடுவே சூரிய ஒளி நேரே புகாத கருநிழல். அதைச் சூழ்ந்து, சூரியனின் ஒரு பகுதி மட்டும் மறைக்கப்பட்ட புறநிழல். சந்திரன் இருக்கும் தூரத்தில் கருநிழலின் அகலம் சந்திரனின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். சுற்றியுள்ள புறநிழல் வளையமோ ஏறக்குறைய ஒரு சந்திரன் அகலம். சந்திரன் கருநிழலைத் தொடாமல் புறநிழலினூடாக மட்டும் நடந்து போனால் அது புறநிழல் கிரகணம். இந்தப் புறநிழலுக்கு 1604இல் இலத்தீனில் பெயர் வைத்தவர் ஜேர்மனிய வானியலறிஞர் கெப்ளர். ‘ஏறக்குறைய நிழல்’ என்பது அப்பெயரின் பொருள். ‘ஏறக்குறைய’ என்ற சொல்லை ஒரு விஞ்ஞானப் பெயருக்குள் வைத்த அவரது நேர்மையை எண்ணி வியக்கிறேன்.

புறநிழலில் நிற்கும் ஒருவர் சந்திரனிலிருந்து அண்ணாந்து பார்த்தால், பூமியால் ஒரு பக்கம் கடிக்கப்பட்ட சூரியனைக் காண்பார். அவருக்கு அது சூரிய கிரகணம். நமக்கோ மெல்லிய மங்கல். புறநிழலின் வெளியோரத்தில் ஒளி குறைவது மிகவும் சொற்பம். சந்திரனின் மூன்றில் இரண்டு பங்கு வரை புறநிழலுக்குள் போன பின்னரே, அதுவும் கருநிழலுக்கு அண்மையிலுள்ள விளிம்பில் மட்டுமே, கண் எதையாவது உணரும்.

காணக் கிடைப்பதும் கணக்கில் கிடைப்பதும் வெவ்வேறு என்பதை நம் பக்கத்து அறிஞர்களும் அறிந்திருந்தார்கள். கி.பி. 499இல் தம் நூலை இயற்றிய ஆரியபடர், சந்திரனை மறைப்பது பூமியின் நிழல் என்று தெளிவாகச் சொன்னார். சூரியனின் எட்டில் ஒரு பங்கு மறைக்கப்பட்டாலும் அதன் பிரகாசத்தினால் அது புலப்படாது என்றும் அவரே எழுதினார்.

2016ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் திகதி அத்தகைய புறநிழல் கிரகணம் ஒன்று நிகழ்ந்தது. அன்று வெள்ளிக்கிழமை, நம் நாட்டில் பினர போயா தினம். வட உலகில் அது இலையுதிர் காலத்துப் பூரணை. சீன மக்கள் முதல் நாள்தான் தங்கள் நடு இலையுதிர்கால நிலாத் திருநாளைக் கொண்டாடி முடித்திருந்தார்கள். அந்தப் பருவத்தில் அந்நாடுகளில் பூரணையை அடுத்துச் சில நாட்களுக்கு அந்தி மயங்கிய உடனேயே நிலா எழுந்துவிடும்; அதன் வெளிச்சத்தில் அறுவடை நடக்கும். ஆகவே மேலைநாட்டார் அதை அறுவடை நிலவு என்பர். நமக்கு இலையுதிர் காலமென்று ஒன்று இல்லை. ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும் அந்த வேளையில் நம் வடபுலத்து வயல்களில் விதைப்பு நடக்கும். அவர்களுக்கு அறுவடை நிலவானது நமக்கு விதைப்பு நிலவு.

இலங்கை நேரப்படி இரவு 10 மணி 24 நிமிடத்துக்குச் சந்திரன் புறநிழலைத் தொட்டது. நள்ளிரவு கடந்து 12 மணி 24 நிமிடத்துக்கு அது உச்ச நிலையை அடைந்தது. அப்போது சந்திரனின் விட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு புறநிழலுக்குள் இருந்தது. அதிகாலை 2 மணி 23 நிமிடத்துக்கு எல்லாம் முடிந்தது.

நான் அன்று வடமராட்சியில் இருந்தேன். முற்றத்தில் ஒரு சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு பதினொரு மணியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நிலா தலைக்கு மேலே, சற்றுத் தெற்கே சாய்ந்து நின்றது. முதல் ஒரு மணி நேரம் எதுவும் தெரியவில்லை. பூரணை நிலவு வழக்கம்போலப் பனை வடலிகளின் மேல் பால் சொரிந்தது. நள்ளிரவை அண்டிய வேளையில் பக்கத்து வளவு ஆச்சி வேலியருகே வந்து நின்றார். எண்பது வயதைக் கடந்தவர், உறக்கம் குறைவு.

“என்ன தம்பி, இந்தச் சாமத்திலை வானத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறாய்?”

“இண்டைக்குக் கிரகணம் ஆச்சி.”

“கோயிலிலை ஒண்டும் சொல்லேல்லையே. நான் இராச்சாப்பாடும் சாப்பிட்டிட்டன்” என்று அவர் பதறினார்.

இது சாப்பாட்டை நிறுத்தத் தேவையில்லாத கிரகணம் என்று சொல்லி அவரை ஆறுதற்படுத்தினேன். என்ன தெரிகிறது என்று கேட்டேன். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் நெற்றியில் கையை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“மேல் பக்கம் கொஞ்சம் அழுக்காக் கிடக்கு. லாம்புச் சிமினியிலை கரி பிடிச்ச மாதிரி” என்றார்.

நேயர்களே, புறநிழல் கிரகணத்துக்கு இதைவிடப் பொருத்தமான வருணனையை நான் எந்த வானியல் நூலிலும் படித்ததில்லை. அன்று சந்திரன் பூமியின் நிழலுக்குத் தெற்குப் பக்கமாகப் போயிற்று. ஆகவே கருநிழலுக்கு அண்மையாக இருந்தது அதன் வடக்கு விளிம்பு. நிலா நமக்குச் சற்றுத் தெற்கே நின்றதால் அந்த வடக்கு விளிம்பே மேல் விளிம்பாகத் தெரிந்தது. மின்சாரமில்லாத ஆண்டுகளில் லாம்புச் சிமினியை நாள்தோறும் துடைத்துத் துடைத்துப் பழகிய கண் அது. கரியின் முதற் படிவை அது அறியும். கோட்பாடு தெரியாத சாட்சி, கோட்பாடு சொன்ன இடத்திலேயே விரலை வைத்தது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் முன்கூட்டியே அறிந்திருக்காவிட்டால் முற்றத்தில் கதிரை போட்டிருக்க மாட்டேன். நான் அங்கே இல்லாவிட்டால் ஆச்சி வேலியருகே வந்திருக்க மாட்டார். பெரிய கிரகணம் தானே வந்து நம்மை அழைக்கும். மெல்லிய கிரகணத்தையோ கணக்கின் கையைப் பிடித்துக்கொண்டு நாம்தான் தேடிப் போக வேண்டும். அந்தக் கணக்கை நமக்குத் தந்தவர்கள் யார்?

முதற் கடன் பபிலோனியருக்கு உரியது. தலைமுறை தலைமுறையாகக் குறிப்பெழுதிய அவர்கள், 223 சந்திர மாதங்களுக்கு ஒரு முறை கிரகணங்கள் திரும்பி வருவதைக் கண்டார்கள். அது 6585 நாளும் ஒரு நாளின் மூன்றிலொரு பங்கும். அதாவது 18 ஆண்டும் ஏறத்தாழ 11 நாளும். பின்னர் 1691இல் ஆங்கில வானியலறிஞர் எட்மண்ட் ஹாலி அந்தச் சுற்றுக்குச் சாரோஸ் என்ற பெயரை வழங்கினார். இச்சுற்றின்படி கிரகணங்களுக்கும் குடும்பமும் வம்சமும் உண்டு. ஒவ்வொரு குடும்பமும் புறநிழலின் ஓரத்தில் ஒரு மெல்லிய மங்கலாகப் பிறக்கிறது. 18 ஆண்டுகளுக்கு ஒரு முறை சற்றே ஆழமாகிறது. பல நூற்றாண்டுகளின் பின் முழுக் கிரகணமாக வளர்ந்து, மீண்டும் மெலிந்து மறைகிறது.

நாங்கள் வடமராட்சியில் பார்த்த கிரகணத்தின் குடும்பம் 1890 யூலை 2ஆம் திகதி பிறந்தது. அன்று பிறந்ததை ஒரு மனிதக் கண்ணும் கண்டிராது. 1908, 1926, 1944 என்று அது வந்து வந்து போயிற்று. அந்த மூன்றிலொரு நாள் மிச்சம் இருப்பதால், ஒவ்வொரு முறையும் அது உலகின் வேறொரு பக்கத்தில் தோன்றும்; மூன்று சுற்றுக்கு ஒரு முறை, ஏறத்தாழ 54 ஆண்டும் ஒரு மாதமும் கழிந்து, முன்பு தோன்றிய பக்கத்துக்கே திரும்பும். 1962 ஓகஸ்ட் 15ஆம் திகதி பின்னிரவில் அது நம் வானத்தில் நிகழ்ந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. அன்று சந்திரனின் ஐந்தில் மூன்று பங்கு மட்டுமே புறநிழலுக்குள் போயிற்று. அந்த அளவு கண்ணுக்குப் போதாது. 1980இலும் 1998இலும் அது வந்தபோது நமக்குப் பகல். 2016இல் நம்மிடம் திரும்பி வந்தபோதுதான் ஆச்சியின் கண்ணுக்கு எட்டும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

இரண்டாவது கடன் நமக்கு மிக நெருங்கியது. அது புதுச்சேரியில் இருக்கிறது.

பிரெஞ்சு வானியலறிஞர் லெ ஜான்தில் 1761இல் வெள்ளிக்கிரகம் சூரியனைக் கடக்கும் காட்சியைக் காணப் புறப்பட்டவர். அவர் வந்து சேரும் முன் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆடும் கப்பலில் நின்று பார்த்ததால் பயனில்லாமற் போயிற்று. எட்டு ஆண்டுகள் கீழைக் கடல்களில் காத்திருந்து, 1769 யூனில் புதுச்சேரியிலேயே தொலைநோக்கியோடு நின்றார். முகில் வந்து மூடிவிட்டது. உலகம் அவரை இந்தத் துர்ப்பாக்கியத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. நாம் நினைக்க வேண்டியது வேறொன்று. அங்கே தங்கியிருந்த காலத்தில் அவர் ஒரு தமிழரிடம் கிரகணக் கணிதம் கற்றார். 1765 ஓகஸ்ட் 30ஆம் திகதிச் சந்திர கிரகணத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழர் கணக்கு 41 செக்கன் குறைவு. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையாகிய தோபியாஸ் மாயரின் கணக்கு 68 செக்கன் அதிகம்.

1825இல் அதே புதுச்சேரியில் ஜோன் வொரன் என்ற அதிகாரி இன்னொரு பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். வொரன் முன்னர் சென்னை வானாய்வு நிலையத்தில் பொறுப்பு வகித்தவர். சாமிநாதன் சேஷையா என்று நாம் வாசிக்கத்தக்க விதமாக அந்தக் கணிதரின் பெயரை அவர் எழுதி வைத்தார். அந்த மனிதரிடம் தாளில்லை, எழுதுகோலில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். மனத்தில் பதித்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்துச் சோழிகளை நகர்த்தினார். 1825 மே 31ஆம் திகதி இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிழை இருந்தது. அலெக்சாந்தரின் கிரகணத்துக்குத் தொலமி எழுதிய நேரங்களில் முக்கால் மணி நேரப் பிழை இருந்ததை இங்கே நினைவுகூரலாம். தொலமியின் நேரங்கள் நடந்து முடிந்த கிரகணத்துக்கு உரியவை. இவரோ இனி நடக்கப் போவதைச் சொன்னார்.

வாக்கியங்கள் என்று சொன்னேன். வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் 248. சந்திரன் பூமிக்கு மிக அண்மையில் வந்து, விலகி, மீண்டும் அண்மையில் வருவதற்கு இருபத்தேழரை நாளுக்குச் சற்று மேலாகும். அவ்வாறு ஒன்பது முறை நிகழ 248 நாள். ஒவ்வொரு நாளுக்கும் சந்திரன் நிற்கும் இடம் ஒவ்வொரு சிறு தொடரில் அடக்கப்பட்டிருக்கும். எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. தொடரைச் சொன்னால் எண் வரும். யாழ்ப்பாணத்தில் இன்றும் திருக்கணித பஞ்சாங்கத்தோடு வாக்கிய பஞ்சாங்கமும் வெளிவருகிறதே, அந்த ‘வாக்கியம்’ இதுதான்.

1952இல் ஓட்டோ நொய்கபவர் என்ற அறிஞர் தமிழ் வானியலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பபிலோனியக் களிமண் பலகைகளின் கணிதத்தை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். வொரன் எழுதி வைத்ததைப் படித்தபோது அவருக்குப் பழகிய ஒரு முகம் தெரிந்தது. 248 நாள் என்ற அந்தச் சுற்று பபிலோனியரிடமும் இருந்தது. களிமண் பலகையில் தொடங்கிய கணிதமுறை, கிரேக்கர் கைவழி இந்தியாவுக்கு வந்து, வராகமிகிரர் போன்றோரின் நூல்களில் ஏறி, புதுச்சேரித் தரையில் பரப்பிய சோழிகள் வரை உயிரோடு வந்து சேர்ந்திருந்தது. பபிலோனில் அந்த எழுத்தையே வாசிக்க ஆளில்லாமற் போன பின்னரும், அதன் கணக்கு தமிழகத்து மனித நினைவில் நடந்துகொண்டிருந்தது.

வொரன் ஒரு குறையும் சொன்னார். அந்தக் கணிதருக்கு வானியற் கோட்பாடு எதுவும் தெரியாது. நினைவாற்றல் ஒன்றே அவரிடம் உண்டு என்றார். இது உண்மையாக இருக்கலாம். ஏன் என்ற கேள்வி நின்றுபோன இடத்தில் நம் கணிதம் தேங்கியது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 52 நிமிடப் பிழையைத் திருத்துவதற்கு நினைவாற்றல் போதாது. வானத்தையும் பார்க்க வேண்டும். வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இடையே நம்மவர் நடத்தும் வாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆனால் மறுபக்கமும் உண்டு. ஏன் என்று அறியாமலே ஒருவர் இன்னொருவருக்குப் பிழையில்லாமல் கையளித்திராவிட்டால், ஏன் என்று கேட்க நினைத்தவனுக்குக் கேட்பதற்கே ஒன்றும் மிஞ்சியிராது. லெ ஜான்தில் தம் ஊர் போய்ச் சேர்ந்து பெயர் பெற்றார். அவருக்குக் கற்பித்த தமிழரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

வரலாறு பெரும்பாலும் அலரைப் பின்பற்றியே எழுதப்படுகிறது. அரசன் தோற்றான், படை நடுங்கியது, நகரம் வீழ்ந்தது. அன்றைய கிரகணமும் ஏட்டில் ஏறியது. 1504இல் கொலம்பஸ் ஜமேக்கா மக்களைத் தம் பஞ்சாங்கத்தால் அச்சுறுத்தி உணவு பெற்ற கதையைப் பாடப் புத்தகங்கள் சொல்லும். அந்தப் பஞ்சாங்கத்துக்கான எண்களை எத்தனை இரவு யார் யார் விழித்திருந்து சேர்த்தார்கள் என்பதைச் சொல்லா. ஒன்றுமே நடவாத இரவுகளில் ‘இன்று சந்திரன் இங்கே நின்றது’ என்று எழுதியவர்களும், எழுத வசதியில்லாதபோது மனனம் செய்தவர்களுமே கிரகணத்தை அச்சத்திலிருந்து மீட்டெடுத்தார்கள்.

அந்தக் கிரகணக் குடும்பத்தின் எதிர்காலத்தையும் சொல்லிவிடுகிறேன். 2034 செப்டெம்பர் 28ஆம் திகதி அது முதன்முறையாகக் கருநிழலைத் தொடும். நூற்றில் ஒன்றிரண்டு பங்கு மட்டுமே. நமக்கு அப்போது காலை எட்டு மணி கடந்திருக்கும், காண முடியாது. 2052இல் மீண்டும் வேறோர் உலகப் பக்கம். 2070 ஒக்டோபர் 19ஆம் திகதி நள்ளிரவை ஒட்டி அது நம் வானத்துக்குத் திரும்பும். அன்று சந்திரனின் மேல் விளிம்பில் ஒரு சிறு கடி எவரும் காணத்தக்கதாக இருக்கும்.

அன்று நான் இருக்க மாட்டேன். ஆச்சியும் இருக்க மாட்டார். ஆகையால் ஒரு வேலை செய்தேன். வீட்டிலுள்ள பழைய கணக்குக் கொப்பி ஒன்றின் கடைசிப் பக்கத்தில், 2016ஆம் ஆண்டுக் கிரகணத்தின் திகதியையும் நேரத்தையும் எழுதி, அதன் கீழே ஆச்சி சொன்ன வாக்கியத்தை அவருடைய பெயரோடும் ஊரோடும் எழுதி வைத்தேன். அதற்கும் கீழே 2070ஆம் ஆண்டின் திகதியை எழுதி, அதன் எதிரே பேரப்பிள்ளைகளுக்காக ஒரு வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன்.